மைசூர் விடுமுறையும் வீடு வந்த பொருள்களும்

சிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் வெளியூர் போக நினைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மைசூர் வெகுகாலமாகத் தோதான ஊர். கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கு மேல் இருப்பதால் வெயில் அவ்வளவாக வாட்டாது. பார்க்க வேண்டியவை ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கின்றன. சென்னைக்காரர்களுக்கு 2022 நவம்பர் முதல் வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. கோவை, ஈரோடு பக்கத்தவர்கள் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சாமராஜநகர், நஞ்சன்கூடு கடந்து வருகிறார்கள்.

பிள்ளைகளின் விருப்பப்படி விட்டால் முதல் நாள் உயிரியல் பூங்காவிலேயே போய்விடும். மைசூர் அரசர் சாமராஜேந்திர உடையார் 1892-இல் தொடங்கிய பூங்கா அது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. பெரியவர்கள் பார்க்க நினைப்பது அரண்மனை. பழைய மர அரண்மனை 1897-இல் அரசகுடும்பத் திருமணம் ஒன்றின்போது தீப்பற்றி எரிந்தது. அந்த இடத்தில் இப்போதுள்ள மாளிகை 1912-இல் எழுந்து முடிந்தது. அதை வடிவமைத்த ஹென்றி இர்வினின் கை சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் எழும்பூர் அருங்காட்சியகத்தின் சிவந்த கலைக்கூடத்திலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் மின்விளக்குகள் மாளிகையின் மீது ஒரே நொடியில் எரியும். ஒரு மணி நேரத்துக்குள் அணைத்துவிடுவார்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்வது நல்லது. சாமுண்டி மலை, ரயில் அருங்காட்சியகம், கிருஷ்ணராஜ சாகர் அணையை ஒட்டிய பிருந்தாவனம் ஆகியவை மீதி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

மைசூரிலிருந்து திரும்பும் குடும்பத்தின் பை போகும்போது இருந்ததைவிடக் கனமாகத்தான் இருக்கும். சுற்றுலா ஊர்களில் பொதுவாகக் கிடைப்பது எங்கோ செய்து வந்து, ஊர்ப்பெயர் ஒட்டி விற்கும் பொருள். மைசூரின் பட்டும் சந்தனமும் மரவேலையும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் ஒரு சமஸ்தானத்தின் தொழிற்கொள்கை இருக்கிறது. 1831-இல் ஆங்கிலேயர் மைசூர் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டு 1881-இல்தான் உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பின் வந்த அரசர்களுக்குப் போருக்குப் போகும் வேலை இல்லை. கஜானாப் பணம் அணைக்கும் மின்சாரத்துக்கும் ஆலைகளுக்கும் போயிற்று. 1902-இல் முழு அதிகாரம் பெற்ற நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும், 1912 முதல் 1918 வரை திவானாக இருந்த விஸ்வேஸ்வரய்யாவும் இதில் முன்னின்றவர்கள்.

மைசூர்ப் பட்டு அந்தக் காலத்து ஆலைச் சரக்கு. கைத்தறிப் பட்டையே உயர்வாக எண்ணிப் பழகிய காஞ்சிபுரத்துக் கண்ணுக்கு இது முதலில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். பட்டுப்புழு வளர்ப்பை இந்தப் பகுதியில் ஊன்றியவர் திப்பு சுல்தான். நெசவாலை 1912-இல் அரச ஆதரவில் மானந்தவாடி சாலையில் எழுந்தது. 1980 முதல் கர்நாடக அரசின் பட்டுத் தொழில் கழகம் அதை நடத்துகிறது. ராமநகரச் சந்தையில் ஏலத்துக்கு வரும் பட்டுக்கூடுகளை வாங்கி, டி. நரசிபுரத்தில் நூலாக இழுத்து, மைசூரில் விசைத்தறியில் நெய்கிறார்கள்.

காஞ்சிபுரச் சேலை கனமானது. உடலும் கரையும் தனித்தனியாக நெய்யப்பட்டுக் கோர்வையில் சேரும். முந்தானை நிறைய வேலைப்பாடு இருக்கும். மைசூர்ச் சேலையிலோ உடல் பெரும்பாலும் ஒரே நிறம், கரையில் ஒரு ஜரிகைப் பட்டை, அவ்வளவுதான். அதன் அழகு துணி விழுகிற விதத்தில் இருக்கிறது. ஊடைக்கு எடுக்கும் நூலை மிக இறுக்கமாக முறுக்குகிறார்கள். சில இழைகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் முறுக்கப்பட்டு மாறிமாறி ஓடுகின்றன. நெய்து முடித்த துணியைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பட்டின் இயற்கைப் பசையை நீக்கும்போது, அடங்கியிருந்த முறுக்கு எதிரெதிர்த் திசைகளில் இழுக்கிறது. துணி சற்றே சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத நுண்மடிப்புகள் விழுகின்றன. கிரேப் என்று சொல்லும் நெசவு இதுதான். உடலோடு ஒட்டி வழியும் குணம் அதிலிருந்து வருகிறது.

ஜரிகையில் 65 விழுக்காடு வெள்ளியும் 0.65 விழுக்காடு தங்கமும் இருப்பதாகக் கழகம் உறுதி தருகிறது. ஒவ்வொரு சேலையிலும் தனி எண் பதித்திருப்பார்கள், முத்திரையும் ஒட்டியிருக்கும். புவிசார் குறியீடும் உண்டு. இந்த எண்ணைப் பார்த்து வாங்குவது முக்கியம். ரயில் நிலையத்தில் ஏறும் ஆட்டோ, கேட்காமலேயே ஏதாவதொரு ‘கவர்ன்மென்ட் ஷோரூம்’ வாசலில் நிற்பது மைசூரில் சாதாரணம். அந்தக் கடைகள் பலவற்றுக்கும் அரசுக்கும் உள்ள உறவு பெயர்ப்பலகையோடு சரி. ஆட்டோக்காரருக்குக் கிடைக்கும் கமிஷனும் சேலை விலையில்தான் சேரும்.

சந்தனத்தின் கதை இன்னும் சுவையானது. மைசூர்க் காடுகளில் சந்தன மரம் அரசின் சொத்தாகவே இருந்துவந்தது. 1792-இல் திப்பு அதை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். தனியார் நிலத்தில் வளர்ந்தாலும் மரம் அரசுடையது என்ற நிலை கர்நாடகத்தில் 2001-இல்தான் மாறியது. இவ்வளவு காவல் இருந்தும் கள்ளக் கடத்தல் பழகிப்போன விஷயம். கோவையிலிருந்து வருகிறவர்கள் கடக்கும் சத்தியமங்கலம் காடு சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனுடைய களமாக இருந்தது என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

முதல் உலகப் போருக்கு முன்பு மைசூர்ச் சந்தனக் கட்டைகள் பெருமளவில் ஜெர்மனிக்குக் கப்பலேறின. எண்ணெய் அங்கேதான் வடிக்கப்பட்டது. 1914-இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டு, கட்டைகள் கிடங்கில் தேங்கின. அப்போது மைசூரின் தொழில்துறையைக் கவனித்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தவர் இவரே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து வேதியியலாளர்கள் சட்பரோவும் வாட்சனும் எண்ணெய் வடிக்கும் முறையைக் கண்டுகொடுத்தார்கள். 1916-இல் வடிப்பு தொடங்கியது. எண்ணெய் கையில் இருக்கிறது, அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை சோப்பு. அத்தொழிலைக் கற்க சோசலே கரளபுரி சாஸ்திரி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1918-இல் மைசூர் சாண்டல் சோப்பு வந்தது. உறையில் இருக்கும் யானைத்தலைச் சிங்கம் சரபம். சோப்பு பெங்களூரில் தயாராகிறது. எண்ணெய் ஆலைதான் மைசூரில் இருக்கிறது.

சோப்பு எந்த ஊர்க் கடையிலும் கிடைப்பதால் அதைச் சுமந்து வருவது வீண். மைசூரில் வாங்கத் தக்கவை சின்னக் குப்பி எண்ணெயும், அத்தரும், ஊதுவத்தியும். சந்தனம் என்று சொல்லித் தெருவில் விற்கும் பொம்மைகளை நம்பக் கூடாது. வேறு மரத்தைச் செதுக்கி வாசனை தடவிவிடுவது வழக்கம். சில வாரங்களில் வாசம் போய்விடும். உண்மைச் சந்தனக் கட்டையை உரசினால் எத்தனை ஆண்டு கழித்தும் மணக்கும். எண்ணெய் மரத்தின் வைரத்தில் ஊறி இருக்கிறது. சயாஜி ராவ் சாலையில் உள்ள அரசின் காவேரி விற்பனை நிலையத்தில் விலை கூடுதல், ஏமாற்று இல்லை.

விலைக்கு வாங்காமலேயே வீட்டுக்கு வந்த மைசூர்ச் சரக்கும் ஒன்று உண்டு. வாக்களித்தவர் விரலில் வைக்கும் அழியாத மையை 1962 தேர்தலிலிருந்து தயாரித்துக் கொடுப்பது 1937-இல் நால்வடி உடையார் தொடங்கிய மைசூர்ப் பெயின்ட் ஆலை. வெள்ளி நைட்ரேட் தோலில் வெளிச்சம் பட்டுக் கறுப்பதால் அந்தக் கறை நகம் வளரும்வரை போகாது.

பிள்ளைகளுக்கு வாங்க ஊரில் ஒரு அபூர்வம் இருக்கிறது. கஞ்சீபா என்பது வட்ட வடிவச் சீட்டு. கையால் வண்ணம் தீட்டப்பட்டது. தசாவதாரக் கஞ்சீபாவில் அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் இந்த ஆட்டத்தில் பல புது வகைகளை வகுத்தார். சிலவற்றில் 300-க்கும் மேற்பட்ட சீட்டுகள். 1831-க்குப் பிறகு ஆட்சி கைவிட்டுப்போன அரசர் அவர், நேரம் இருந்தது. சதுரங்கக் குதிரை எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை மட்டும் தொட்டுச் செல்லும் புதிரிலும் அவர் பெயர் பெற்றவர். அசல் கஞ்சீபாத் தொகுதியின் விலை சிறு குடும்பத்துக்கு எட்டாது. பூங்காவுக்கு எதிரே உள்ள ராம்சன்ஸ் கைவினைக் கடையில் பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டப் பலகைகளும் துணி விரிப்புகளும் கிடைக்கின்றன. மழைக்கால மாலைக்கு அவை போதும். தசரா சமயத்தில் அங்கே பொம்மைகள் நிறையும். ராஜா ராணி மரப்பாச்சி ஜோடி கொலுப்படிக்குச் சரியான சேர்க்கை.

ஈட்டி மரத்தில் பல நிற மரத் துண்டுகளைப் பதித்துப் படம் செய்யும் வேலையும் மைசூருக்கே உரியது. முன்பு தந்தம் பதித்தார்கள், தடை வந்தபின் இல்லை. மைசூர் ஓவியம் தஞ்சாவூர் ஓவியத்தின் ஒன்றுவிட்ட சகோதரி. கண்ணாடிக் கற்கள் இல்லை, தங்க வேலை மெல்லியது.

தின்பண்டத்தில் மைசூர்ப்பாகுதான். அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பா நால்வடி உடையாருக்காகச் செய்தது என்பது வழங்கிவரும் கதை. அவர் வழிவந்தோரின் இனிப்புக்கடை தேவராஜ மார்க்கெட்டை ஒட்டி இருக்கிறது. பாகில் கடலைமாவைக் கொட்டிக் கிளறிக்கொண்டே சூடான நெய்யை விட்டுக்கொண்டிருந்தால், மாவின் ஈரம் ஆவியாகி வெளியேறும் வழியில் துளைகள் விழுகின்றன. தட்டில் கொட்டியபின் நடுப்பகுதியில் சூடு தங்குவதால் அங்கே நிறம் சிவக்கும். சூடு தப்பினால் விளைவது தீபாவளிக்குத் தீபாவளி தமிழ் வீடுகளில் கேலிக்கு ஆளாகும் அந்தக் கல். மார்க்கெட்டுக்குள் மைசூர் மல்லிகையும் வெற்றிலையும் நஞ்சன்கூடு ரசபாளை வாழையும் உண்டு. ரசபாளை தமிழ்நாட்டு ரஸ்தாளிக்குச் சொந்தம். வாடல் நோயால் சாகுபடி சுருங்கிவிட்டதால் எல்லா நாளும் கிடைக்காது.

கடைசிப் பொருள் மைசூரில் இல்லை. பெங்களூர் போகும் வழியில் ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் சன்னபட்டணத்தில் இருக்கிறது. வாய்க்குள் எதையும் போடும் வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல பொம்மை கிடைப்பது அரிது. வெப்பாலை மரம் வெண்மையானது, இழை தெரியாதது, சிராய் எடுக்காதது. அதைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டுச் செதுக்குகிறார்கள். பிறகு வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி ஒட்டிக்கொள்ளும். தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும். தூரிகை, பெயின்ட், ஆணி எதுவும் கிடையாது. மஞ்சள், அவுரி போன்றவற்றிலிருந்து எடுக்கும் சாயமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், மலிவுப் பொம்மைகளில் ரசாயனச் சாயமும் உண்டு. ஜப்பானில் பொம்மைத் தொழிலைப் பார்த்துவந்து இங்கே முறைகளைத் திருத்தியவர் என்று பாவஸ் மியானை ஊரார் போற்றுகிறார்கள்.

பழைய நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே போனதால் காரில் வந்தவர்கள் இறங்கி வாங்கினார்கள். 2023 மார்ச்சில் திறந்த விரைவுச்சாலை சன்னபட்டணத்தையும் மத்தூரையும் ராமநகரத்தையும் ஒதுக்கிவிட்டுப் போகிறது. பொம்மைக் கடைகளுக்கு அது நஷ்டம். பொம்மை வேண்டுவோர் விரைவுச்சாலையில் ஏறாமல் பழைய சாலையையே பிடிக்க வேண்டும். மத்தூர் வடையும் அந்த வழியில்தான். வந்தே பாரத் சன்னபட்டணத்தில் நிற்பதில்லை. ரயிலில் வருகிறவர்கள் மைசூர் – பெங்களூர் சாதாரண ரயிலில் ஏறி அங்கே இறங்கிக்கொள்ளலாம்.