பழைய தண்டனை, புதிய வழக்கு: கோர்ட்டில் அதை எப்போது பேசலாம்?

‘கைதானவர் மீது ஏற்கெனவே 9 வழக்குகள் உள்ளன.’ க்ரைம் செய்திகளில் இப்படி ஒரு வரியைப் படித்ததுமே நம்மில் பலர் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிடுவோம். கோர்ட் அப்படி எழுத முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 49-வது பிரிவுப்படி, குற்றம் சாட்டப்பட்டவரின் கெட்ட நடத்தையைச் சாட்சியமாகக் காட்ட முடியாது. முன்பு பெற்ற தண்டனையும் இந்தக் கணக்கில்தான் வரும். இது புது விதி அல்ல. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 54-வது பிரிவாக இருந்ததுதான்.

இரண்டு முறை பைக் திருடி மாட்டியவர் மூன்றாவது பைக்கையும் திருடியிருக்கலாம், திருடாமலும் இருக்கலாம். அதை சிசிடிவி, கைரேகை, நேரில் பார்த்தவர் போன்ற ஆதாரங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த விதி இல்லையென்றால், பழைய லிஸ்ட்டிலிருந்து ஒருவரைப் பிடித்து வந்தாலே கேஸ் முடிந்துவிடும்.

விதிவிலக்கே கிடையாதா?

உண்டு. முக்கியமானவை இரண்டு.

* ‘நான் நல்லவன்’ என்று குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சியம் கொடுத்தால், அதற்குப் பதிலாக அரசுத் தரப்பு பழைய தண்டனையை எடுத்து வைக்கலாம்.

* பழைய குற்றம் அவருடைய அறிவையோ நோக்கத்தையோ காட்டினால் அனுமதி உண்டு. கள்ளப்பணத்தைத் தெரிந்தே கைமாற்றியதாக வழக்கு என்று வையுங்கள். ‘அது கள்ளப்பணம்னு எனக்குத் தெரியாது’ என்கிறார். முன்பு இதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தால், அது இங்கே பேசும். சட்டத்திலேயே தரப்பட்டுள்ள உதாரணம் இது.

அப்போ தண்டனை அளவில்?

அங்கே பழசுக்குப் பெரிய எடை உண்டு. கள்ளப்பணம், சொத்து தொடர்பான குற்றங்களில் 3 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைக்குரிய ஒன்றில் தண்டனை பெற்றவர், மறுபடியும் அதே வகைக் குற்றம் செய்தால் 10 ஆண்டு வரை சிறை அல்லது ஆயுள் தண்டனை கிடைக்கலாம் (பாரதிய நியாய சன்ஹிதா, 13-வது பிரிவு). மீண்டும் பாலியல் வன்கொடுமை செய்பவருக்கு மரண தண்டனை வரை உண்டு. மும்பை சக்தி மில்ஸ் வழக்கில் 2014-ல் 3 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது இப்படிப்பட்ட பிரிவின் கீழ்தான். 2021-ல் பாம்பே உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

ஆனால் வரிசை முக்கியம். செஷன்ஸ் விசாரணையில், இந்தக் குற்றத்தைச் செய்தார் என்று தீர்ப்பு வரும்வரை பழைய தண்டனை பற்றிய குற்றச்சாட்டை வாசிக்கவே கூடாது. அரசுத் தரப்பும் அதைக் குறிப்பிடக் கூடாது (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 259-வது பிரிவு).

சிக்கல் எங்கே?

ஜாமீனில். விசாரணையில் பூட்டி வைத்த கதவு, ஜாமீன் மனுவிலேயே திறந்துவிடுகிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவைப் பாருங்கள். ஆயுள், மரண தண்டனைக்குரியவை தவிர்த்த வழக்குகளில், அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவருக்கு ஜாமீன் தர வேண்டும் என்கிறது. முன்பு தண்டனையே பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். ஆனால் அதே பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது என்றும் சொல்கிறது.

கவனியுங்கள்: நிலுவை வழக்கு என்பது தண்டனை அல்ல. எல்லாவற்றிலும் அவர் விடுதலையாகக்கூடும். ஆக, விசாரணையில் நிரூபிக்கப்பட்ட பழைய குற்றமே பொதுவாக எடுபடாது. ஜாமீனிலோ நிரூபிக்கப்படாத வழக்குகளே ஒருவரை உள்ளே வைத்துவிடும். நம் ஊரில் ஜூரியும் இல்லை. ஜாமீன் மனுவில் அந்த லிஸ்ட்டைப் பார்த்த அதே நீதிபதியே தீர்ப்பும் எழுத வேண்டி வரலாம்.

அடுத்த முறை ‘ஏற்கெனவே 9 வழக்குகள்’ என்று படித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அதில் எத்தனை தண்டனை, எத்தனை வெறும் எஃப்ஐஆர்?