ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகளும் அவற்றின் வயல்களும்

ஆலை நகரமொன்றைக் காணச் செல்வோர் பெரும்பாலும் ஆலையின் மதிற்சுவரையும் புகைபோக்கியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். சணல் தொழிலைப் பொறுத்தவரை இது பாதிப் பார்வையே ஆகும். மேற்கு வங்கத்தில் ஹூக்ளி நதியின் மேற்குக் கரையிலுள்ள ரிஷ்ராவையும் ஸ்ரீராம்பூரையும் கண்டபின், சேவ்ராபுலி சந்திப்பில் தாரகேஸ்வர் கிளைப்பாதைக்கு மாறி, சிங்கூர், ஹரிபால் வழியே பயணம் செய்தால்தான் மறுபாதி புலப்படும். ஹௌராவிலிருந்து புறநகர் ரயிலில் ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவுதான் இது. எனினும் ஆலைக்கும் வயலுக்கும் இடையே பொருளாதார நோக்கில் உள்ள தொலைவு இன்றுவரை குறைந்தபாடில்லை.

இந்தியாவின் முதல் சணல் நூற்பாலை 1855ஆம் ஆண்டில் ரிஷ்ராவில் நிறுவப்பட்டது. நிறுவியவர் ஜார்ஜ் ஆக்லண்ட் என்னும் ஆங்கிலேயர். இவர் முன்னர் இலங்கையில் காப்பித் தோட்டத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். இயந்திரங்கள் ஸ்காட்லாந்திலுள்ள டண்டீ நகரிலிருந்து வந்தன. அந்தக் காலத்தில் வங்கத்துச் சணல் நார் கப்பலேறி டண்டீ சென்று, அங்கே திமிங்கல எண்ணெயால் பதப்படுத்தப்பட்டு நூலாயிற்று. கிரிமியப் போரினால் ரஷ்ய ஆளி நாரின் வரவு தடைப்பட்டபோது, சணலுக்குக் கிராக்கி மேலும் பெருகியது. நார் விளையும் இடத்திலேயே நூற்றால் என்ன என்ற எண்ணத்திற்கு ஏற்ற சூழ்நிலையும் கூடிவந்தது. 1854இல் ஹௌரா-ஹூக்ளி ரயில் பாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டே அது ராணிகஞ்ச் நிலக்கரி வயலை எட்டியது. நதியோ கிழக்கு வங்கத்துப் படகுகளையும் கல்கத்தா துறைமுகத்தையும் ஆலையின் படித்துறையோடு இணைத்தது. 1859இல் எதிர்க்கரையிலுள்ள பாராநகரில் விசைத்தறிகள் இயங்கத் தொடங்கின. பின்னர் இரு கரைகளிலும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசம், ஒடிசா, வட ஆந்திரம் ஆகிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறினர். 1845 வரை டேனியர் வசமிருந்த, கல்லூரிக்கும் அச்சகத்திற்கும் பெயர்பெற்ற ஸ்ரீராம்பூரும் ஆலை நகரமாக மாறியது.

இவ்வளவு கணக்கிட்டு அமைந்த தொழிலின் அடித்தளத்தை 1947ஆம் ஆண்டுப் பிரிவினை ஒரே நாளில் பெயர்த்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் இந்தியாவில் நின்றன. சணல் விளையும் பரப்பில் நான்கில் மூன்று பங்கிற்கும் அதிகமானது கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. 1949 செப்டம்பரில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை. இதனால் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் நாரின் விலை ஏறி, வாணிபமே முடங்கியது. தறிகளில் ஒரு பகுதியை மூடிவைக்க நேர்ந்தது.

அந்த நெருக்கடிக்கு உழவர் அளித்த விடையை நம் வேளாண் வரலாற்றின் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகளுள் ஒன்றாகவே கருத வேண்டும். முன்பருவ நெல்லான ஆவுஸ் விளைந்த நிலங்களில் ஒரு பகுதி சணலுக்கு மாறியது. 1950-51இல் சுமார் 33 லட்சம் பொதிகளாக இருந்த சணல், மேஸ்தா உற்பத்தி, 1980-81இல் சுமார் 82 லட்சம் பொதிகளாக உயர்ந்தது (ஒரு பொதி 180 கிலோகிராம்). பாரக்பூரை அடுத்த நீல்கஞ்சிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய விதை வகைகளுக்கும் இதில் பங்குண்டு. அளவு பெருகியது, ஆனால் நாரின் தரம் அதே வேகத்தில் உயரவில்லை. காரணத்தை ஆலையில் தேடிப் பயனில்லை. ஹரிபால் பக்கத்துக் குட்டைகளில்தான் தேட வேண்டும்.

சித்திரையை ஒட்டி விதைக்கப்படும் சணல், சுமார் 120 நாட்களில் ஆளுயரத்தை விட உயர்ந்து அறுவடைக்கு வருகிறது. அதே வயலில் உடனே ஆமன் நெல் நடப்பட வேண்டும். குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு தொடரும். எனவே அறுவடையைத் தள்ளிப்போட வழியில்லை. அறுத்த தண்டுகளைக் கட்டுக்கட்டாக நீரில் அமிழ்த்தி, இரண்டு மூன்று வாரங்கள் ஊறவைத்தபின், இடுப்பளவு நீரில் நின்று நாரை உரித்து அலசுகின்றனர். பசுந்தண்டின் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கே நாராகக் கிடைக்கும். ஹெக்டேருக்கு 40 டன்னுக்கும் மேற்பட்ட தண்டுகளை ஊறவைத்தாக வேண்டும் என்றால், தேவைப்படும் நீரின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். மெதுவாக ஓடும் தெளிந்த நீர் இதற்கு உகந்தது. உழவருக்குக் கிடைப்பதோ சாலையோரப் பள்ளமும் ரயில் பாதையோரக் குழியுமே. குளத்தின் உடைமையாளர் மீன் வளர்க்க விரும்புகிறார். சணல் ஊறிய நீரில் மீன் தங்காது. பருவமழை பொய்த்தால் பள்ளமும் வறண்டுவிடும். தண்டு மிதவாதிருக்கச் சேற்றையும் வாழைத்தண்டையும் பாரமாக ஏற்றுகின்றனர். அதனால் நார் கறுத்து, தரவரிசையில் கீழிறங்குகிறது. கறுத்த நாரிலிருந்து முரட்டுச் சாக்குதான் பிறக்கும். மெல்லிய துணியும் ஏற்றுமதிச் சரக்கும் பிறப்பதில்லை.

இதற்கு உழவரின் அறியாமையே காரணம் என்று அறிக்கைகளில் எழுதுவது எளிது. கிராமத்து வாசலில் வாங்கும் சிறு வணிகர், பெரும்பாலும் தரம் பிரிக்காமல் மொத்தமாக ஒரு விலை பேசுகிறார். நன்கு அலசிய நாருக்கும் கறுத்த நாருக்கும் கையில் கிடைக்கும் தொகை ஏறத்தாழ ஒன்றேயானால், கூடுதலாக இரண்டு கூலியாட்களை அமர்த்த எந்த உழவர் முன்வருவார்? கணக்கறிந்த எவரும் அதைத்தான் செய்வர்.

1971இல் அமைக்கப்பட்ட இந்தியச் சணல் கழகம், தரத்திற்கேற்ற ஆதரவு விலையில் கொள்முதல் செய்கிறது. 2025-26 பருவத்திற்கு டி.டி.-3 தரத்துக்குக் குவிண்டாலுக்கு ரூ. 5,650 நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் உடனடிப் பணம் தேவைப்படும் சிறு உழவர், கொள்முதல் மையத்திற்கு வண்டி கட்டிச் செல்லுமுன்பே சரக்கை விற்றுவிடுகிறார். மறுபுறம், 1987ஆம் ஆண்டுச் சணல் சிப்பக் கட்டாயப் பயன்பாட்டுச் சட்டம், உணவு தானியத்திற்கும் ஓரளவு சர்க்கரைக்கும் சணற்பையை வற்புறுத்துவதன் மூலம் ஆலைகளுக்கு உறுதியான சந்தையைத் தந்துள்ளது. ஆலையும் தொழிலாளரும் பிழைத்திருக்க இச்சட்டம் தேவையாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் தானியச் சாக்கிற்கு நடுத்தர நாரே போதும். ஆகவே உயர்ந்த நாருக்கு உயர்ந்த விலை தரும் நிர்ப்பந்தம் ஆலைக்கும் ஏற்படவில்லை.

2015இல் தொடங்கப்பட்ட ஜூட்-ஐகேர் திட்டத்தின் கீழ், சான்றிதழ் பெற்ற விதையும், வரிசை விதைப்புக் கருவியும், நீல்கஞ்ச் நிலையம் கண்டறிந்த நுண்ணுயிர்த் தூளும் உழவருக்கு வழங்கப்படுகின்றன. இத்தூள் ஊறும் காலத்தைச் சில நாட்கள் குறைக்கிறது. நாரின் நிறமும் தெளிகிறது. குறைந்த நீரிலும் பயன்தருவது இதன் சிறப்பு. இத்துடன் ஊருக்குப் பொதுவான ஊறல் குட்டைகளை வெட்டி, கரையிலேயே தரம் பிரித்து எடைபோட ஏற்பாடு செய்தால், மேலே சொன்ன இரு விலைகளுக்கிடையே உள்ள வேறுபாடு உழவரின் கைக்கு வரும். குட்டை வெட்டும் செலவை ஊராட்சி ஏற்பதா, ஆலைகளும் பங்கேற்பதா என்பதே இனி முடிவு செய்ய வேண்டியது.