தேவ்லி முகாமைப் பற்றிப் பேச வந்த பெண்கள்

கொல்கத்தாவில் டாங்ரா என்றாலே சாப்பாட்டுப் பிரியர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். நூடுல்ஸும் சில்லி சிக்கனும் அங்கேதான் அசல் என்பார்கள். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வயதான சீனப் பெண்மணியிடம், "உங்களுக்கு எந்த ஊர் அம்மா?" என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. பிழைக்கப் போன ஊரில் இக்கேள்வியைச் சந்திக்காதவர் யார்? ஆயினும் இவர்களுக்கு அது சிறைக் கதவையே திறந்துவிட்டது.

இவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்திலேயே டோங் அச்சு என்ற சீனர் பட்ஜ்பட்ஜ் அருகே நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயரால்தான் அவ்வூர் இன்றும் அச்சிப்பூர். பின்னால் வந்த கான்டன் சீனர் தச்சு வேலையிலும், ஹூபே சீனர் பல் வைத்தியத்திலும் பெயரெடுத்தனர். பிறர் தொடத் தயங்கிய தோல் பதனிடும் தொழிலை ஹக்கா சீனர் எடுத்துக்கொண்டனர். அத்தொழிலில் பெண்களும் ஆண்களுக்குச் சமமாகப் பாடுபட்டார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த சீனர்களின் வழித்தோன்றல்கள் மாக்கும் என்ற ஊரில் குடியிருந்தனர். அவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து, அஸ்ஸாமிய மொழி பேசி வாழ்ந்தவர்கள்.

ஒரு மாத யுத்தம்

1962 அக்டோபர் 20-ல் மூண்ட இந்திய-சீன யுத்தம் நவம்பர் 21-ல் நின்றது. ஆனால் இவர்களுக்கு அது நிற்கவில்லை. பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ சீனப் பிரஜையாக இருந்திருந்தால் போதும், இங்கேயே பிறந்தவரையும் அந்நியராகக் கருதலாம் என்று சட்டம் வந்தது. அஸ்ஸாமிலும் வட வங்காளத்திலும் இருந்த குடும்பங்களை நள்ளிரவிலும் விடியற்காலையிலும் போலீஸ் எழுப்பியது. கைக்குழந்தை முதல் கிழவி வரை சுமார் 3,000 பேர் ராஜஸ்தானில் உள்ள தேவ்லி முகாமுக்கு அனுப்பப்பட்டனர். வடகிழக்கிலிருந்து அங்கே போய்ச் சேர ரயிலில் ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது. வழியில் ஜனங்கள் கல்லெறிந்ததைப் பலரும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சிலர் நான்கு வருடங்களுக்கு மேல் முகாமிலேயே கிடந்தனர். யார்மீதும் வழக்கு நடக்கவில்லை.

வெளியே வந்தவர்களின் வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன. ஊரைவிட்டு ஊர் போகவும் போலீஸ் அனுமதி வேண்டியிருந்தது. இந்நிலையில் எந்தத் தகப்பன் பழைய கதையைப் பேசுவான்? வாயை மூடிக்கொண்டு பிழைப்பைப் பார் என்பதே வீட்டுக்கு வீடு பாடமாயிற்று. அந்த மௌனத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர்கள் பெண்களே.

டார்ஜிலிங்கில் பதின்மூன்று வயதுப் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது பாட்டியுடனும் தம்பியுடனும் பிடிபட்டவர் யின் மார்ஷ். பின்னர் அமெரிக்காவில் குடியேறிய அவர், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் முகாம் நாட்களைப் புத்தகமாக எழுதினார். ஜாய் மா பிறந்ததே தேவ்லி முகாமில். பத்திரிகையாளர் திலீப் டிசூசாவுடன் சேர்ந்து, முகாமில் இருந்தவர்களின் வாழ்க்கையை 2020-ல் நூலாக்கினார். கல்கத்தாவில் பிறந்து 1972-ல் கனடா சென்ற க்வாய்யுன் லி, சொந்தச் சமூகத்தைப் பற்றிச் சிறுகதைகள் எழுதியதோடு, முகாம்வாசிகளின் வாய்மொழியைத் திரட்டி டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடும் அளித்தார். சீன வம்சத்தவர் அல்லாத அஸ்ஸாமிய எழுத்தாளர் ரீட்டா சௌத்ரி, மாக்கும் சீனர்களின் கதையை 2010-ல் ‘மாகாம்’ என்ற நாவலாக்கினார்.

அரசாங்கக் கோப்பில் பெயரும் எண்ணும்தான் இருக்கும். அரைவேக்காட்டுச் சோறும், பாதியில் நின்ற படிப்பும், பிரிந்துபோன கணவன் மனைவியும் இப்பெண்களின் எழுத்தில்தான் கிடைக்கின்றன.

சென்னையில் நின்ற கப்பல்

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1963 ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் சீனக் கப்பல்கள் மூன்று தடவை சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச் சென்றன. அவர்களில் பலர் அதுவரை சீனாவைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள். அங்கே பலருக்கு அரசாங்கப் பண்ணைகளில் வேலை கொடுத்தார்கள். 1966-ல் கலாசாரப் புரட்சி தொடங்கியதும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற சந்தேகம் அங்கேயும் அவர்களைத் தொடர்ந்தது. இந்தியாவில் சீனர், சீனாவில் இந்தியர் என்றாகிவிட்டது நிலைமை.

இங்கே தங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. ஷில்லாங்கிலிருந்து சிறுமியாக முகாமுக்குப் போன மோனிகா லியு, பிற்காலத்தில் டாங்ராவில் பெரிய ஓட்டல்களை நடத்தினார். 1996-ல் சுப்ரீம் கோர்ட் தோல் தொழிற்சாலைகளை நகருக்கு வெளியே மாற்ற உத்தரவிட்ட பிறகு, டாங்ராவில் அடுப்படியே முக்கியத் தொழிலாகிவிட்டது. இளைய தலைமுறையில் நிறையப் பேர் டொராண்டோ போய்விட்டனர். அங்கேயும் மசாலா மணக்கும் இந்தியச் சீனச் சமையல்தான் அவர்களுடைய அடையாளம்.

முகாமில் இருந்தவர்கள் சங்கம் அமைத்து, இந்திய அரசாங்கம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். தேவ்லி முகாம் இருந்த இடத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் நடக்கிறது. சீனப் புத்தாண்டுக் காலத்தில் கொல்கத்தாச் சீனக் குடும்பங்கள் இன்றும் அச்சிப்பூருக்குப் போய், டோங் அச்சுவின் சிவப்பு வர்ணச் சமாதியில் ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றன.