பூங்காவை அளக்கும் வானூர்தி

நிலத்தை அளப்பது தமிழருக்குப் புதிய கலை அன்று. முதலாம் இராசராசன் காலத்தில் நாடு அளக்கப்பட்ட செய்தியைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ‘உலகளந்த கோல்’ என்றே ஓர் அளவுகோலுக்குப் பெயர் இருந்தது. 1802-ஆம் ஆண்டில் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேயர், சென்னைப் பரங்கிமலையருகே எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏறத்தாழ ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளந்து, இந்தியப் பெருநில அளவைக்கு அடிகோலினார். கோலும் சங்கிலியும் தரையில் நடந்தன. இன்றோ அளவுகோல் வானில் பறக்கிறது.

சென்ற பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரில் பிடோக் வட்டாரத்திலுள்ள என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். நாள்தோறும் காலையில் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடப்பேன். முன்பு மணல் தோண்டிய பள்ளமாக இருந்த இவ்விடம் 1986-இல் நீர்த்தேக்கமாயிற்று. சுற்றுப்பாதை 4.3 கிலோமீட்டர். பாதையோர மரங்களைக் காணும்போதெல்லாம், எங்கள் தோட்டப் பள்ளி முற்றத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் என் நினைவுக்கு வரும். காற்றே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதன் பெருங்கிளை முறிந்து, பிள்ளைகள் உண்ணும் இடத்தில் விழுந்தது. அது மறுநாளாக இருந்திருந்தால்? மரத்தைப் பார்வையிடுமாறு அதற்கு முன்பே இருமுறை எழுதியிருந்தேன். “பச்சையாகத்தானே இருக்கிறது!” என்பதே எனக்குக் கிடைத்த விடை.

பச்சையாக இருப்பதெல்லாம் நலமாக இருப்பதாகுமா? சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, 40 மீட்டர் உயரமான டெம்பூசு மரம் ஒன்று 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று வேரோடு சாய்ந்தது. இந்தியாவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். சில மாதங்களுக்கு முன்தான், 2016 செப்டம்பரில், அம்மரம் சோதிக்கப்பட்டு, நலமாக இருப்பதாகக் கருதப்பட்டது. கவனம் மிகுந்த நாட்டிலேயே இவ்வாறு நேர்ந்ததெனின், மரங்களைப் பேணுவது எத்துணை அரிய பணி என்பது விளங்கும். சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் ஏறத்தாழ 60 லட்சம் மரங்களைக் கவனித்து வருகிறது. இத்தனை மரங்களையும் மனிதர் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்து முடிப்பது எப்போது? இங்கேதான் ஆளில்லா வானூர்தி துணைக்கு வருகிறது.

ஆங்கிலத்தில் இதனை ‘டிரோன்’ என்பர். அச்சொல்லுக்கு ஆண் தேனீ என்பது பொருள். 1930-களில் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகப் பறக்கவிடப்பட்ட பிரிட்டிஷ் விமானத்துக்கு ‘ராணித் தேனீ’ என்று பெயர். அதையொட்டியே இப்பெயர் எழுந்தது என்று கூறுவர்.

இது நிலத்தை எவ்வாறு அளக்கிறது? நமக்கு இரண்டு கண்கள் இருப்பதால்தான் ஒரு பொருளின் தொலைவு தெரிகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், உண்மை விளங்கும். உழவன் சால் ஓட்டுவதுபோல வானூர்தி இணைகோடுகளில் சென்று, அடுத்தடுத்துப் படம் எடுக்கிறது. ஒரு படம் பதிவு செய்த நிலத்தில் நூற்றுக்கு 70 அல்லது 80 பங்கை அடுத்த படமும் பதிவு செய்யும். ஆகவே ஒரே மரம் பல கோணங்களிலிருந்து படங்களில் விழுகிறது. கணினி அவற்றை ஒப்பிட்டு, மரத்தின் உயரத்தையும் கிளைப் பரப்பையும் கணித்து, முழு நிலப்படத்தை உருவாக்குகிறது. 60 மீட்டர் உயரத்திலிருந்து நல்ல கருவி எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி, தரையில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டரைக் குறிக்கும். ஒளிக்கதிரை வீசி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தொலைவை அறியும் கருவியும் உண்டு. அக்கதிர் இலைகளின் இடைவெளி வழியே புகுந்து தரையையும் தொட்டுவிடும்.

மரத்தின் நலத்தை அறிவது எங்ஙனம்? நலமான இலை, உணவு ஆக்குவதற்காகச் சிவப்பொளியை உட்கொள்ளும். நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளியையோ பெரிதும் திருப்பி அனுப்பிவிடும். மரம் நலிந்தால் இவ்விரண்டின் விகிதம் மாறுகிறது. இலை பழுக்குமுன்பே இம்மாற்றம் தனிவகைப் படக்கருவிக்குத் தெரிந்துவிடலாம். திங்கள்தோறும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், எங்கே புல் தேய்ந்தது, எங்கே கரை அரித்தது, எந்த மரம் இளைத்தது என்பனவும் புலப்படும்.

நீர்நிலைக் காவலிலும் இக்கருவி புகுந்துவிட்டது. 6 நீர்த்தேக்கங்களில் நீரின் தன்மையையும் நீர்ச்செடிகளின் பெருக்கத்தையும் கண்காணிக்க இதனைப் பயன்படுத்துவதாகச் சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் 2022-இல் அறிவித்தது. தொற்றுப் பரவிய 2020-இல், பூங்காக்களில் எவ்வளவு கூட்டம் உள்ளது என்று பார்ப்பதற்கும் வானூர்திகள் பறந்தன.

ஆயினும் இக்கருவியின் எல்லையை நாம் மறத்தலாகாது. அது மேலிருந்து காண்பது இலையையும் கிளையையுமே. மண்ணுக்குள் வேர் அழுகுவதையும் அடிமரம் உள்ளே பொந்தாவதையும் அது நேரே காணாது. அதற்கு மரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டுப் பழகிய மனிதர் வேண்டும். எந்த மரத்தை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும் என்று வானூர்தி சொல்லும். தட்டிப் பார்ப்பவர் மனிதரே. கருவி வந்துவிட்டது என்று அனுபவமுள்ள பூங்காத் தொழிலாளரை ஒதுக்கினால், கண்ணை வாங்கிக் காதை விற்றவர் ஆவோம்.

வேறு இரண்டு தடைகளும் உண்டு. சிங்கப்பூரில் விமானத்தளத்துக்கு 5 கிலோமீட்டருக்குள்ளும், 200 அடி உயரத்துக்கு மேலும் பறக்கவிட இசைவு பெறல் வேண்டும். பிடோக் நீர்த்தேக்கமோ பாய லேபார் விமானத்தளத்துக்கு அண்மையில் உள்ளது. 2019 ஜூனில் இசைவின்றிப் பறந்த வானூர்திகளால் சாங்கி நிலையத்தில் 37 விமானங்கள் தாமதமாயின. ஆகவே இவ்விதி வீண் கெடுபிடி அன்று. மற்றொன்று மனிதரின் தனிமை. மரத்தை எண்ண வந்த கண், மரத்தடியில் அமர்ந்திருப்பவரையும் பார்க்கிறது. எதற்காகப் படம் எடுக்கப்படுகிறது, அதனை எவர் காண்பர், எத்தனை நாள் வைத்திருப்பர் என்பவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறையாகும்.

ஆசிரிய நண்பர்களே! வானூர்தி வாங்கப் பள்ளியில் பணம் இல்லை என்று வருந்த வேண்டா. அதன் அடிப்படைக் கணக்கை ஒரு கோலைக் கொண்டே கற்பிக்கலாம். 1 மீட்டர் கோலை வெயிலில் நட்டுவையுங்கள். அதன் நிழல் 80 சென்டிமீட்டராக இருக்கும் வேளையில் மரத்தின் நிழல் 12 மீட்டர் எனின், மரத்தின் உயரம் 15 மீட்டர். பள்ளி முற்றத்து மரங்களுக்கு எண் இட்டு, உயரம், அடிமரச் சுற்றளவு, பட்ட கிளை ஆகியவற்றை ஆண்டுக்கு இருமுறை மாணவர் குறித்து வரட்டும். கிளை விழுந்த பிறகு எங்கள் பள்ளியில் அத்தகைய ஏடு ஒன்றைத் தொடங்கினோம். இப்போது நான் எழுதும் கடிதத்தில் “மரம் ஆபத்தாக உள்ளது” என்று மட்டும் இராது. எந்த மரம், எந்தக் கிளை, எத்தனை மாதமாக என்பதும் இருக்கும். அத்தகைய கடிதத்துக்குப் “பச்சையாகத்தானே இருக்கிறது” என்று விடை எழுதுவது எளிதன்று.