மீன்தொட்டிச் செடியைத் தூக்கி எறியும் முன்...

சென்ற பொங்கல் விழாவில் சங்க நண்பர் ஒருவர் என்னிடம், "சார், மீன் எல்லாம் நன்றாக இருக்கிறது. செடி மட்டும் வாங்கி வைத்த பத்தே நாளில் அழுகிப் போகிறதே, ஏன்?" என்று கேட்டார். லிலுவா பணிமனையில் 37 வருஷம் ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்த எனக்கும் மீன்தொட்டிச் செடிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். என் பேத்தியால் ஏற்பட்ட சம்பந்தம் அது.

2022-ல் என் மாப்பிள்ளைக்குக் கோவையிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றல் ஆயிற்று. மகள் குடும்பம் லேக் மார்க்கெட் பக்கம் உள்ள எங்கள் வீட்டிலேயே தங்கியது. எட்டு வயதுப் பேத்தி தன் தொட்டியில் இருந்த செடி ஒன்றை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு நாள் ரயில் பயணத்திலும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். கிரிப்டோகோரைன் என்று அதற்குப் பெயர். பழுப்பு கலந்த பச்சை நிறத்தில் நீள இலைகளோடு கொத்தாக வளரும்.

புதுத் தொட்டி வாங்கி நட்டோம். ஐந்தாம் நாள் இலைகள் கண்ணாடி போல் ஆகி, தொட்டால் கூழாகக் கரைந்தன. பத்தாம் நாள் ஓர் இலை கூட மிச்சமில்லை. புதுப் பள்ளியில் வங்காளமும் ஹிந்தியும் புரியாமல் வாய் திறக்காமலே இருந்த குழந்தை, அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

"அதை எறிந்துவிட்டு அதே மாதிரி ஒன்று வாங்கி நட்டுவிடுங்கள். குழந்தைக்குத் தெரியவா போகிறது?" என்றாள் என் மனைவி. எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்பஜார் அருகே காலிஃப் தெருவில் கூடும் சந்தைக்குப் போனேன். செடி விற்கும் வங்காளிப் பெரியவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தாதா, வேரைப் பார்த்தீர்களா? வெள்ளையா, கறுப்பா?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பணிமனையில் காரணம் தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூட மாற்ற விட்டதில்லை நான்!

வீட்டுக்கு வந்து மணலை விலக்கிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தது. அப்படியே மூடி வைத்துவிட்டேன். நான்காவது வாரம் அரிசி அளவில் ஒரு குருத்து தெரிந்தது.

காரணம் எளிமையானது. கோவையில் அது வளர்ந்தது சிறுவாணித் தண்ணீரில், அது மென்னீர். எங்கள் குடியிருப்பில் வருவது ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர். தண்ணீர், வெளிச்சம், வெப்பம் சட்டென்று மாறினால் இந்தச் செடி பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, புது இடத்துக்கு ஏற்ற இலைகளை விடுகிறது. கடையில் வாங்கும் வேறு பல செடிகளுக்கும் இது பொருந்தும். பண்ணைகளில் அவற்றைத் தண்ணீருக்கு மேலே ஈரக்காற்றில் வளர்ப்பது வழக்கம். அந்த இலைகள் தண்ணீருக்குள் நிலைப்பதில்லை.

ஆகவே செடி வாடினால் வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

முதலாவது, அது நீர்ச்செடிதானா? 'லக்கி பாம்பூ', சிங்கோனியம் போன்ற தரைச்செடிகளையும் தொட்டிச் செடி என்று விற்கிறார்கள். இவை முழுக்க மூழ்கியிருந்தால் சில மாதங்களில் அழுகிவிடும். வெளியே எடுத்தால் வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற நீர்ச்செடிகள் துவண்டு விழும். தரைச்செடி விறைப்பாக நிற்கும். அனுபியாஸ் போன்ற சில செடிகள் விறைப்பாக இருந்தாலும் தொட்டிக்கு ஏற்றவையே. தரைச்செடி என்று தெரிந்தால் பூந்தொட்டிக்கு மாற்றுங்கள், பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, நட்ட விதம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் கிழங்கு போன்ற தடித்த தண்டு உண்டு. அதை மணலில் புதைத்தால் அழுகும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட வேண்டும். மற்றவற்றில் வேரைப் புதைத்து, குருத்து வெளியே தெரியும்படி விடுங்கள்.

மூன்றாவது, கெடுவது பழைய இலையா, புது இலையா? பழைய இலை மஞ்சளானால் பெரும்பாலும் நைட்ரஜன் குறைவு. அதில் ஊசித் துளைகள் விழுந்தால் பொட்டாசியம் குறைவு. புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து குறைவு. நீர்ச்செடிகளுக்கென்று விற்கும் உரத்தைச் சொன்ன அளவில் பாதி போட்டு இரண்டு வாரம் கவனியுங்கள். தோட்டத்து யூரியாவைப் போட்டுவிடாதீர்கள், மீன்கள் செத்துப்போகும்.

நான்காவது, வெளிச்சம். தினமும் ஏழெட்டு மணி நேரம் விளக்கு போதும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் பாசி பிடித்து இலையை மூடிவிடும்.

அழுகிய இலைகளை உடனே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் கெடும். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் சொட்டு மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். முக்கியமாக, செடியைத் தினமும் பிடுங்கிப் பார்க்காதீர்கள். வேரை ஒரு முறை பார்த்தால் போதும். கறுத்துக் குழைந்திருந்தால் எடுத்துவிடலாம். வெள்ளையாக இருந்தால் ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும்.

அந்த முதல் குருத்தைப் பேத்திதான் கண்டுபிடித்தாள். "தாத்தா!" என்று கத்திவிட்டு, செருப்புகூடப் போடாமல் மாடிக்கு ஓடினாள். அங்கே குடியிருந்த வங்காளிச் சிறுமியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, தொட்டியைக் காட்டி, "நொதுன் பாதா!" என்றாள். புது இலை என்று அர்த்தம். வந்து ஒன்றரை மாதத்தில் அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் வங்காள வார்த்தை அதுதான்.