வயிற்றின் புளிப்பும் வாயுவின் அளவும்

திண்டிவனம் என்னும் பெயர் புளியங்காடு எனப் பொருள்படும் 'திந்திரிணீ வனம்' என்பதன் மரூஉ என்பர். அப்புளியைச் சிறிது நீரிற் கரைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடாவை இட்டுப் பாருங்கள். நுரை பொங்கி எழும். நுரையில் இருப்பது கரியமிலவாயு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் சோடாவிலுள்ள பைகார்பனேட்டும் கூடியதன் விளைவு அது. இதே நிகழ்ச்சி நம் இரைப்பைக்குள்ளும் நடைபெறுகிறது. அது மருத்துவர்களின் அளவீடு ஒன்றை எவ்வாறு குழப்பியது என்பதைக் காண்போம்.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே நெடுஞ்சாலை விபத்தில் ஒருவர் மிகுந்த இரத்தத்தை இழந்து, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய நெருக்கடியில் உடல் மூளைக்கும் இதயத்திற்கும் முதலிடம் தந்து, இரைப்பைக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. கையிற் கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தம் ஓரளவு சரியாகவே தோன்றலாம். ஆனால் இரைப்பையின் உட்சவ்வு பிராணவாயுவின்றித் தவிக்கும். இரத்த ஓட்டம் குன்றுவதால், அங்கே உண்டாகும் கரியமிலவாயு அகற்றப்படாமல் தேங்கும். தேங்கிய வாயுவை அளந்தால் மறைந்திருக்கும் ஆபத்தை முன்னரே அறியலாம் அல்லவா?

இரைப்பையில் பலூனை இறக்கிக் கரியமிலவாயுவை அளக்கும் முறையை ஹங்கேரி நாட்டு மருத்துவர் இருவர் 1959-இல் 'லான்செட்' இதழில் விவரித்தனர். செயற்கைச் சுவாசம் பெறும் நோயாளிகளுக்கு அது துணையாயிற்று. 1980-களில் ஃபிடியன்-கிரீன் முதலியோர், உட்சவ்வின் இரத்த ஓட்டம் போதுமானதா என்பதை அறிய அம்முறையை வளர்த்தனர். வாயு ஊடுருவக்கூடிய சிலிக்கோன் பலூனில் உப்புநீரை நிரப்பிக் குழாய் வழியே இரைப்பைக்குள் செலுத்துவர். அரைமணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் வெளியிலுள்ள வாயு உள்ளே பரவிச் சமநிலையை அடையும். பின்னர் நீரை உறிஞ்சி அளப்பர். தமனி இரத்தத்தில் இவ்வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் பாதரசம். இரைப்பையில் அது மிகுதியாக உயர்ந்திருந்தால் ஆபத்து என்று கொள்வர்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. இரைப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. அதன் சவ்வோ தன்னைக் காத்துக்கொள்ளப் பைகார்பனேட்டையும் சுரக்கிறது. கணையம் சுரக்கும் பைகார்பனேட்டும் சிறுகுடலிலிருந்து சில வேளை பின்னோக்கி வருவதுண்டு. இவை அமிலத்தோடு கலந்தவுடன் புளியும் சோடாவும் போலவே கரியமிலவாயு பிறக்கிறது. அதுவும் பலூனுக்குள் புகுகிறது.

விழுப்புரம் சந்திப்பில் செங்கற்பட்டு, புதுச்சேரி, கடலூர், விருத்தாசலம், காட்பாடி எனப் பல திசைப் பாதைகள் கூடுகின்றன. வாயிலில் வெளிவரும் மக்களை எண்ணி, அத்தனை பேரும் திண்டிவனத்திலிருந்து வந்தவர் என்று ஒருவர் கூறினால் நகைக்க மாட்டோமா? எண்ணிக்கை சரி, ஆனால் முடிவு தவறு. பலூனும் அப்படியே, வந்த வாயுவை எண்ணுமேயன்றி, வந்த வழியைக் கூறாது. இதனால் இரத்த ஓட்டம் நன்றாக உள்ளவரும் ஆபத்தில் இருப்பவராகத் தோன்றக்கூடும். வேண்டாத சிகிச்சையும் தரப்படக்கூடும்.

இதற்குப் பரிகாரமாக, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ரானிடிடின் போன்ற மருந்துகளை முன்னரே கொடுத்தனர். உணவும் அமிலத்தைத் தூண்டுவதால், குழாய்வழி உணவைச் சற்று நிறுத்திவைத்தனர். அமிலமே இல்லாத நாவின் அடியில் வாயுவை அளக்கவும் சிலர் முயன்றனர். இத்தகைய இடர்ப்பாடுகளாலும் காலத் தாமதத்தாலும் பலூன் முறை அன்றாட மருத்துவத்தில் நிலைபெறவில்லை.

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி எண்ணைக் காட்டும்போது, அவ்வெண் சரியா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அது எவ்வெவ்வழிகளில் வந்திருக்கக்கூடும் என்றும் கேளுங்கள். நோயாளியின் உயிர் சில வேளை அந்த இரண்டாவது கேள்வியைப் பொறுத்தே இருக்கிறது.