பூட்டனைத் தேடி அயர்லாந்துக்கு

எங்கள் நானா முஹம்மது அலியின் தீவிர ரசிகர். ஒருநாள் அவர், "அலிட பூட்டன் அயர்லாந்துக்காரர், தெரியுமா?" என்று கேட்டபோது, வழக்கம்போல் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால், உண்மை. அலியின் தாயாருடைய பாட்டனார் ஏப் கிரேடி என்பவர், 1860களில் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலுள்ள எனிஸ் என்ற ஊரிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். அங்கே கென்டக்கியில், அடிமை வாழ்விலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண்ணொருவரை மணந்தார். 2009 செப்டம்பர் 1ஆம் திகதி, ஒரு ரமழான் நாளில், 67 வயதான அலி எனிஸுக்கு வந்தார். கிரேடி குடும்பம் வாழ்ந்த டேர்ன்பைக் வீதிக்கும் போனார். பார்கின்சன் நோயால் அப்போது அவருக்குப் பேசுவதே சிரமம். உலகத்தையே சுற்றி வந்த ஒருவர், அந்த நிலையில், தான் பார்த்தேயிராத பூட்டனின் தெருவைத் தேடி ஏன் போக வேண்டும்? அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

இப்படிப் போகிறவர் அலி மட்டுமல்லர். அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து எத்தனையோ பேர் மூதாதையரைத் தேடி அயர்லாந்துக்கு விமானம் ஏறுகிறார்கள். 1845இல் அந்நாட்டு ஏழைகளின் ஒரே உணவாக இருந்த உருளைக்கிழங்கை ஒரு நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1841இல் 81 இலட்சத்துக்கு மேலிருந்த சனத்தொகை 1851இல் சுமார் 65 இலட்சம். போனவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. அவர்கள் போய்ச் சேர்ந்த நாட்டின் ஆவணங்களில், பிறந்த இடம் என்ற இடத்தில் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்ற ஒரு சொல்தான் இருக்கும்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அயர்லாந்தில் எதையும் தேட முடியாது. அத்தீவில் 32 மாவட்டங்கள் உண்டு. அவற்றுக்குள் 'டவுன்லாண்ட்' எனப்படும் சிறு நிலப்பிரிவுகள் அறுபதாயிரத்துக்கும் மேல். பெயரில் 'டவுன்' இருந்தாலும் அது நகரமன்று. சில வெறும் வயல்களும் நாலைந்து வீடுகளுமே. ஒரே பெயரில் பல இருக்கும். பற்றிக், மேரி என்ற பெயர்களும் மர்பி போன்ற குடும்பப் பெயர்களும் ஊருக்கு ஊர் நிறைந்திருக்கும். ஆகவே விவரமறிந்தவர்கள் முதலில் தம் வீட்டு அலுமாரியைத்தான் திறக்கிறார்கள். பழைய கடிதம், திருமணப் பத்திரம், கல்லறையில் பொறித்த ஊர்ப்பெயர், பாட்டி சொன்ன ஒரு சொல் என்று ஏதாவது ஒன்றில் அந்த டவுன்லாண்டின் பெயர் அகப்பட்டால்தான் பயணச்சீட்டு வாங்குவதில் அர்த்தமுண்டு.

டப்ளினில் இறங்கியதும் அவர்கள் கேள்விப்படும் துயரக் கதை ஒன்று இருக்கிறது. 1922 ஜூன் 30ஆம் திகதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத் தொகுதியிலிருந்த பொது ஆவணக் களரி வெடித்துத் தீப்பற்றியது. ஏழு நூற்றாண்டு ஆவணங்கள் எரிந்தன. கருகிய தாள்கள் நகரமெங்கும் பறந்து விழுந்தனவாம். 1821 முதல் 1851 வரையான நான்கு குடிசன மதிப்பீடுகளின் பெரும்பகுதி அன்று போனது. எனக்கு அதைவிட ஆற்றாமையைத் தந்தது வேறு. அடுத்த நான்கு மதிப்பீடுகளை எந்தத் தீயும் தொடவில்லை. அரசாங்கமே அவற்றை அழித்தது. 1881, 1891 ஏடுகள் முதலாம் உலகப் போர்க் காலத்தில் பழைய காகிதமாகக் கூழாக்கப்பட்டன.

மிஞ்சியவை 1901, 1911 மதிப்பீடுகள். இவை அயர்லாந்துத் தேசிய சுவடிக்காப்பகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டுத் தலைவரின் கையெழுத்தையே அதில் காணலாம். எழுதத் தெரியாதவர் இட்ட பெருக்கல் குறியையும் காணலாம். 1911 படிவத்தில் மணமான பெண்களிடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை என்றும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு இலக்கங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் ஒரு தாயின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. பலர் 1901க்கும் 1911க்கும் இடையில் பத்து வயதைவிட அதிகமாக மூத்திருக்கிறார்கள்! காரணம், 1909 ஜனவரியிலிருந்து 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. எல்லாப் பிறப்புகளையும் பதியும் முறை 1864இல்தான் தொடங்கியதால், முதியவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. '1839 ஜனவரி 6ஆம் திகதி இரவு அடித்த பெரும் புயல் எனக்கு நினைவிருக்கிறது' என்பதையே பலர் வயதுக்குச் சான்றாகச் சொன்னார்கள். வேறு பலருக்காக, அப்போது எரியாதிருந்த 1841, 1851 ஏடுகளில் அதிகாரிகள் தேடிப் பார்த்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் தப்பிவிட்டன. எரிந்துபோன ஏட்டின் சில வரிகள் இன்று கிடைப்பது அவற்றால்தான்.

டப்ளினில் போகவேண்டிய இடங்கள் மூன்று: பிஷப் வீதியிலுள்ள தேசிய சுவடிக்காப்பகம், கில்டேர் வீதியிலுள்ள தேசிய நூலகம், பிறப்பு இறப்புப் பதிவுகளைத் தேடுவதற்கான பதிவாளர் நாயகத்தின் ஆய்வறை. வட பகுதியின் ஆறு மாவட்டங்களுக்குப் பெல்பாஸ்ட் போகவேண்டும். அசல் ஆவணங்களைப் பார்க்கும்போது பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டுமே. கத்தோலிக்கத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகளைத் தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இட்டுவிட்டது. அவற்றில் பல இலத்தீனில் இருப்பதால் பற்றிக் 'பற்றிசியஸ்' ஆகிவிடுவார்.

அப்படியானால் வீட்டிலிருந்தே தேடலாமே, பயணம் எதற்கு? 1847க்கும் 1864க்கும் இடையில் ரிச்சர்ட் கிரிஃபித் என்பவரின் மேற்பார்வையில் நாடு முழுவதும் காணி மதிப்பீடு நடந்தது. யார் எந்தத் துண்டு நிலத்தில் இருந்தார், அதன் உரிமையாளர் யார் என்பவை அதில் உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் வரைபடத்தில் ஓர் இலக்கம். அந்த வரைபடத்தோடு போனால், பூட்டனின் அடுப்பு எரிந்த அதே நிலத்தில் காலை வைத்து நிற்கலாம். வீடு இடிந்து கற்குவியலாகியிருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு முதியவர், "அவர்கள் வீட்டுக் கிணறு அதோ" என்று கைகாட்டவும் கூடும். கணினித் திரையில் அது கிடைக்காது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது வாப்பும்மாவிடம் பெரும் புயல் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "உங்கட வாப்பா சூறாவளிக்குக் கைப்புள்ள" என்று 1978ஐ வைத்துத்தான் அவரும் வயது சொல்வார். "உங்கட வாப்பும்மாட பேர் என்ன?" என்று கேட்டேன். உடனே சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன். காத்தான்குடி என்றார், பிறகு, இல்லை, ஏறாவூராக இருக்க வேண்டும் என்றார். கொஞ்ச நேரம் தஸ்பீஹை உருட்டாமல் அப்படியே வைத்திருந்தார்.

"நாளைக்குக் கேளுங்க மகள், யோசிச்சுச் சொல்றன்" என்றார்.